அக்காவுக்கு ஆகாத ஊசி

முத்துமாரியம்மாளின் வாய்க்குப் பயந்து காட்டுப்பன்னிகூட அவள் புஞ்சைப் பக்கம் எட்டிப் பார்க்காது என்று ஊரில் சொல்வார்கள். பாதி கேலி, பாதி நிசம். மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற சமயத்தில் அச்சங்குளத்துச் சுற்றுவட்டாரத்தில் பன்னி புகுந்து உழப்பாத காடு கிடையாது. இவள் மட்டும் பொழுது சாய வரப்பில் ஏறி நின்று, பன்னியின் ஆத்தா அப்பனில் தொடங்கி வம்சத்தையே இழுத்து வைத்து வைதுவிட்டுத்தான் வீடு திரும்புவாள். புருசன் சிவபாண்டி போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கரிசல் காட்டை ஒற்றை ஆளாக விதைத்து, களை வெட்டி, கதிர் ஒடித்து வந்தவள். அவன் பழைய சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினாள் என்றால் வேலை முடியாமல் கரையேற மாட்டாள்.

அவளுக்கு ஒரே மகள், அழகுமீனா. திருத்தங்கலில் ஒரு காலண்டர் கம்பெனியில் தாளை அடுக்கித் தகரப் பட்டை அடிக்கிற வேலை. காலையில் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சாயங்காலம் பசியோடு வந்து சேருவாள். அடுத்த வாசலில் சித்தி பாண்டிலட்சுமி. அக்காவும் தங்கச்சியும், அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு ஒரே முகூர்த்தத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். முகம், மூக்கு, நடை எல்லாம் ஒரே அச்சு. சித்தப்பா பால்பாண்டியே சில நேரம் பின்னாலிருந்து பார்த்து, "ஏ லட்சுமி" என்று மதினியைக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வான். வித்தியாசம் என்று பார்த்தால், அக்கா காட்டுக்குப் போனாள், தங்கச்சி வேனில் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். கம்பெனிக்குப் போகிறவளுக்கு மருத்துவத்துக்கு ஒரு கார்டு உண்டு. காட்டுக்குப் போகிறவளுக்கு ஒரு மண்ணும் கிடையாது.

அரசாங்கக் காப்பீட்டு அட்டை எங்கே போச்சு என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். சிவபாண்டி செத்த பிறகு ரேசன் கார்டில் குடும்பத் தலைவர் பேரை மாற்ற வேண்டும், மாற்றினால்தான் அதற்கு எழுதிப் போட முடியும் என்று யாரோ சொல்ல, இவளும் விதைப்பு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். தள்ளினது தள்ளினபடியே கிடந்தது. காட்டை ஒற்றையாகப் பார்க்கிறவளுக்கு எந்த ஆபீசுக்குப் போக நேரம் இருக்கிறது?

இன்னொரு விசயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீனா பால்குடி மறக்காத வயசில், முத்துமாரியின் காலில் களைவெட்டி பட்டுச் சீழ் வைத்துவிட்டது. சாத்தூரில் ஒரு டாக்டரிடம் போய் ஊசி போட்டாள். போட்ட கையோடு உதடு தடித்து, கண் இடுங்கி, மூச்சு இழுத்துக்கொண்டது. டாக்டர் பதறியடித்து மாற்று மருந்து ஏற்றி அவளை மீட்டார். "பென்சிலின் ஒங்க ஒடம்புக்கு ஆகாதும்மா. எங்க போனாலும் மொத வேலையா இதச் சொல்லிப்புடணும். மறந்தீங்கன்னா உசிருக்கு ஆபத்து" என்று கண்டித்து அனுப்பினார். முத்துமாரியா மறப்பாள்? தலைவலி மாத்திரை வாங்கப் போனால்கூட மருந்துக்கடைக்காரனிடம், "எனக்குப் பென்சிலின் ஆகாது, பாத்துக் குடு" என்பாள். "ஏக்கா, பேசாம அத நெத்தியில எழுதி ஒட்டிக்க" என்று பாண்டிலட்சுமி சிரிப்பாள்.

சரி, இப்போது சுகிர்தா கதைக்கு வருவோம்.

சுகிர்தா, சாத்தூர்ப் பக்கத்துப் பெண் விவசாயிகள் சங்கத்தில் வேலை பார்க்கிற பெண். ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போவாள். ஒருநாள் பிள்ளையார் கோயில் முன்னால் பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினாள். "காட்டு வேல பாக்குற பொம்பளைகளுக்குன்னே ஒரு மருத்துவக் காப்பீடு கொண்டாந்திருக்கோம்க்கா. வருசத்துக்கு ஒரு தடவ கட்டுனாப் போதும், ஒரு மூட்ட யூரியா வெலகூட வராது. பட்டா யாரு பேருல இருந்தா என்ன, காட்டுல நீங்க பாடுபடுதீக, அது போதும். ஆப்பரேசனே ஆனாலும் நல்ல ஆசுபத்திரில வச்சுப் பாத்துக்கிடலாம்" என்றாள். முத்துமாரி கட்டினால் தெருவே கட்டும். முத்துமாரி கட்டினாள், தெருவும் கட்டியது.

இந்தச் சீமையில் வருசம் பூரா ஒரு காரியத்துக்குக் காசு கட்டுவது என்றால் அது தீபாவளிச் சீட்டுத்தான். வேறு எதையும் எங்கள் பெண்கள் கண்டதில்லை. கட்டி வந்தால் தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பெட்டி பட்டாசும் இனிப்பும் ஒரு எவர்சில்வர் பாத்திரமும் வாசலுக்கு வந்து சேரும். பிறந்ததிலிருந்து பார்த்து வந்த வழமை. காப்பீடு கட்டினவர்களும் அந்த நினைப்பில்தான் தீபாவளி நெருங்க நெருங்க வாசலைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. தீபாவளி கழிந்து சுகிர்தா அடுத்த வருசத்துக்குப் புதுப்பிக்க வந்து நின்றபோது முத்துமாரி இடுப்பில் கையை வைத்தாள்.

"எங்க பெட்டி எங்க?"

"பெட்டியா? எந்தப் பெட்டிக்கா?"

"ஏத்தா, இந்தத் தெருவுல வருசம் பூரா ஒருத்தி காய்ச்சல்னு படுக்கல. ஒரு மாத்திர வாங்கல. அப்ப கட்டுனது எங்க? பட்டாசு தரலேன்னாலும் போகுது, ஒரு கிண்ணமாச்சும் குடுத்தியா?"

"இது சீட்டு இல்லக்கா. நோவு வந்தாத்தான் இது ஒதவும். வராம இருந்தா நமக்கு நல்லதுதானக்கா?"

"ஓகோ! அப்ப நாங்க நோவுல விழணும்னு வேண்டிக்கிட்டுல்ல நீ வண்டியத் தூக்கிட்டு அலையுத!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு கிடைத்துவிட்டால் முத்துமாரியை அப்புறம் பிடிக்க முடியுமா? நோவு வியாபாரி என்றாள், மாலையும் கையுமாக வந்து நிற்கிறவள் என்றாள். சுகிர்தா படித்த பெண், பதிலுக்கு வையத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சீட்டு இல்லக்கா, சீட்டு இல்லக்கா" என்று அதையே சொல்லிப் பார்த்தாள். அந்தத் தெருவில் ஒருத்திகூடப் புதுப்பிக்கவில்லை. மீனாவும் அன்றைக்கு வாசற்படியில் நின்று அம்மாவின் பேச்சுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சொல்லப்போனால் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவள் அவள்தான்.

அடுத்த தீபாவளியும் வந்து போனது. கார்த்திகையில் களை வெட்டும்போது முத்துமாரிக்கு உதிரப்போக்கு கண்டது. நிற்கவில்லை. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வயசானால் இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத் தானே வைத்தியம் சொல்லிக்கொண்டு, துணியை மடித்து வைத்துக்கட்டிக் காட்டுக்குப் போனாள். தை பிறந்த பிறகு ஒருநாள் துவைக்கிற கல்லடியில் மீனாதான் பார்த்தாள். வைது, அழுது, சாப்பிடாமல் கிடந்து அம்மாவைச் சாத்தூருக்கு இழுத்துப்போய் ஸ்கேன் எடுத்தாள். கர்ப்பப்பையில் கட்டி, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும், கதிர் ஒடிக்கிற வரைக்கும் என்றெல்லாம் தள்ளக் கூடாது என்று அந்த டாக்டரம்மா கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"பெரியாசுபத்திரிக்குப் போவோம்மா. அங்கன காசே கேக்க மாட்டாக" என்றாள் மீனா.

"ஒங்கப்பாவும் அங்கன நடந்துதான் போனாரு. எப்படி வந்தாருன்னு நீ பாக்கலயா?"

சிவபாண்டிக்கு வந்த நோவை எந்த ஆசுபத்திரியாலும் மாற்றியிருக்க முடியாது. அதை அவளிடம் யார் சொல்வது? சொன்னாலும் கேட்பாளா? அந்த வாசலை இனிமேல் மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டாள்.

மீனா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் சுகிர்தாவைத் தேடிப்போனாள். "விட்டுப்போனதையும் சேத்துக் கட்டுதேன்க்கா. எங்கம்மா பேசுனத மனசுல வச்சுக்கிடாதீக" என்றாள். சுகிர்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசுல என்னம்மா இருக்கு. நோவு வந்த பெறகு சேத்துக்கிட மாட்டாங்களேம்மா. நா மேல கேட்டுப் பாத்துட்டேன்னே வச்சுக்க, இந்த ஆப்பரேசனுக்கு ஆகாதும்பாங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் அந்தச் சின்ன ஆபீசில் உட்கார்ந்து அழுதார்கள். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பாண்டிலட்சுமி, வேனை விட்டு இறங்கிய கோலத்தில் நேரே அக்கா வீட்டுக்குள் வந்தாள்.

"எங்கார்டு எதுக்குக்கா இருக்கு? மொகம் ஒரே மொகம். நாந்தான்னு போயிப் படுத்துக்க. ஆப்பரேசன முடிச்சிட்டு வா."

"போடி கிறுக்கி. மாட்டுனா?"

மாட்டினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். இப்படித்தான் கம்பெனியில் ஒருத்தி தன் நாத்தனாருக்குக் கார்டைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். வேலை போனது, கார்டு போனது, போலீசு வரைக்கும் இழுத்தார்கள். போர்மேன் காளிராஜ் அதை வேனில் ஏறுகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்லிச் சொல்லி மிரட்டியிருந்தான். பாண்டிலட்சுமிக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. பால்பாண்டி லோடுமேன், லோடு இருந்தால்தான் வேலை. அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

"ஒன் வேல போச்சுன்னா புள்ளைக என்னத்தடி திங்கும்?"

"வேல போனா வேற வேல. நீ போயிட்டேன்னா எனக்கு வேற அக்கா யாருக்கா இருக்கா?"

முத்துமாரியம்மாளுக்குப் பேச்சு நின்றது. அவள் வாயடைத்து மீனா பார்த்தது அதுதான் முதல் தடவை. தங்கச்சியை இழுத்துத் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேன் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஆளாளுக்கு வேசம் கட்டினார்கள். வயிற்றில் கட்டி, ஆப்பரேசன் என்று பாண்டிலட்சுமி கம்பெனியில் லீவு சொன்னாள். ஆசுபத்திரியில் படுத்திருக்கிறவள் வெளியே தலைகாட்டக் கூடாது அல்லவா? அவள் அக்காவின் சட்டையை மாட்டிக்கொண்டு, துண்டை முகம் மறையக் கட்டிக்கொண்டு காட்டில் இறங்கிவிட்டாள். கதிர் முற்றி நின்றது. தெருவுக்கெல்லாம் விசயம் தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

மீனாவுக்குத்தான் கஷ்டமான வேசம். அம்மாவை அம்மா என்று கூப்பிடக் கூடாது. "சித்தின்னு கூப்பிடு. தப்பித்தவறிக்கூட வாயில அம்மா வரக் கூடாது" என்றாள் முத்துமாரி. வீட்டிலேயே பழக்கம் தொடங்கியது. மீனா மறந்துபோய், "அம்மா, சோறு போடவா?" என்பாள். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழும். "ஸ்ஸ், அம்மா!" என்று அலறினால் இன்னொரு கிள்ளு. "இனி எத்தன கிள்ளு வேணும் ஒனக்கு?" பாண்டிலட்சுமியின் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். சிவகாசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும், ஜன்னலைத் திறக்கட்டுமா அம்மா என்று கேட்டு மீனா ஒரு கிள்ளு வாங்கினாள். முத்துமாரியின் விரல் சோளக்கதிர் உரித்துக் காய்த்துப்போன விரல். கிள்ளினால் கிடுக்கி போட்டாற்போலக் கன்றிப்போகும்.

அந்த ஆசுபத்திரியின் பேர் நமக்கு எதற்கு? சிவகாசியில் கம்பெனிக் கார்டுக்குப் பார்க்கிற ஆசுபத்திரி. சுத்தமாக இருந்தது. கட்டிலில் படுக்க வைத்து மணிக்கட்டில் ஒரு பட்டையைச் சுற்றினார்கள். பாண்டிலட்சுமி என்று அதில் எழுதியிருந்தது. முத்துமாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெசமாவே என் தங்கச்சி கைவளவி மாதிரி இருக்குடி" என்று மீனாவின் காதில் சொன்னாள்.

டாக்டர் பைலைப் புரட்டினார். பைல் முழுக்கப் பாண்டிலட்சுமியின் கதை. போன வருசம் பட்டாசுக்குக் காகிதக் குழாய் வெட்டுகிற மெசினில் கை கிழிந்து அவள் இதே ஆசுபத்திரிக்கு வந்திருக்கிறாள்.

"கைக்காயம் நல்லா ஆறிடுச்சாம்மா?"

முத்துமாரி அசரவில்லை. உள்ளங்கையை விரித்து நீட்டினாள். களைவெட்டி கிழித்தது, அரிவாள் பட்டது, சோளத்தோகை அறுத்தது என்று அதில் கோடு கோடாகக் கிடந்தது. டாக்டர் அதில் ஏதோ ஒரு கோட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அம்மாவும் மகளும் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஐயோ, அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மறுநாள் ஆப்பரேசன். அதற்கு முந்தின நாள் மத்தியானம் நர்ஸ் ஞானசுந்தரி தட்டில் ஊசியோடு வந்தார். நல்ல மனுசி. வார்டில் ஒருத்தரையும் விரட்டிப் பேசமாட்டார். மீனாவிடம்கூட, "சித்திக்கு இவ்வளவு செய்யிறியே, உங்க அம்மா குடுத்து வச்சவங்க" என்று காலையில் சொல்லியிருந்தார்.

"என்ன ஊசிம்மா?" என்று கேட்டாள் முத்துமாரி.

"கிருமி சேராம இருக்கப் பென்சிலின்மா."

கேட்ட நிமிசத்தில் முத்துமாரியின் வாயிலிருந்து, இத்தனை வருசப் பழக்கத்தில், அது தானாக வந்துவிட்டது. "அது எனக்கு ஆகாதும்மா."

நர்ஸ் நின்றுவிட்டார். பைலை எடுத்துப் பார்த்தார். "ஆகாதா? போன வருசம் கைக்காயத்துக்கு நானேதான்மா போட்டேன் உங்களுக்கு. ஒண்ணும் ஆகலையே. பைல்லயும் எழுதியிருக்கேனே."

சொல்லிவிட வேண்டும் என்று மீனா வாயெடுத்தாள். சொன்னால் சித்தி, சித்தியின் வேலை, பிள்ளைகள், காளிராஜ், போலீசு. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை, நர்ஸைப் பார்த்துச் சிரித்தாள்.

"அட ஆமா, எம்புத்தி எங்க போச்சு! அது எங்கக்காவுக்குத்தாம்மா ஆகாது. எப்பப் பாத்தாலும் அதையே சொல்லிச் சொல்லி எனக்கும் வாயில வந்துருச்சு."

"நல்லாப் பயமுறுத்துனீங்க போங்க" என்று நர்ஸும் சிரித்தார். "எதுக்கும் கையில துளி வச்சு சோதிச்சுப் பாத்திரட்டுமா?"

"எதுக்கும்மா? போன வருசம் ஒங்க கையாலதான போட்டீக."

மருந்தைக் கலக்க நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய சமயம் மீனா அம்மாவின் கையைப் பிடித்தாள். "வேண்டாம்..." அதற்கு மேல் அம்மா என்றும் வரவில்லை, சித்தி என்றும் வரவில்லை.

"ச்சீ, பேசாம இரு" என்றாள் முத்துமாரி மெதுவாக. "எந்தக் காலத்துல ஆகாமப் போனது. இத்தன வருசத்துல ஒடம்புல ரத்தமே மாறியிருக்கும். ஒஞ்சித்தி எனக்காவ அங்கன வெயில்ல கெடக்கா. அவ சோத்துல நா மண்ணள்ளிப் போடவா?"

ஊசி ஏறியது. நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனார். மீனா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா, நாஞ்சொல்லல?" என்பதுபோல அம்மா புருவத்தை உயர்த்தினாள். அப்புறம் கழுத்தைச் சொறிந்தாள். காதைச் சொறிந்தாள். "தண்ணி கொண்டா" என்றாள். தண்ணீரை ஊற்றிக்கொண்டு திரும்புவதற்குள் உதடு தடித்துவிட்டது. கண் இடுங்கிவிட்டது. நெஞ்சிலிருந்து விசில் அடிக்கிறாற்போல ஒரு சத்தம் வந்தது.

மீனா தம்ளரைக் கீழே போட்டாள். "சித்தி!" என்றுதான் முதலில் கத்தினாள். நர்ஸ் ஓடி வந்தார், டாக்டர் ஓடி வந்தார். மருந்து என்றார்கள், ஆக்சிஜன் என்றார்கள், கால்பக்கம் தூக்கச் சொன்னார்கள்.

"முன்னாடி எப்பவாச்சும் இப்படி ஆகியிருக்கா? சொல்லும்மா!" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

"ஆகியிருக்கு! ஆகியிருக்கு சார்! இவுக சித்தி இல்ல. எங்கம்மா. இது எங்கம்மா சார். அந்த ஊசி எங்கம்மாவுக்கு ஆகாது. அம்மா! அம்மா!"

கட்டில் ஓரமாக மீனா ஒட்டி நின்றிருந்தாள். முத்துமாரியம்மாளின் கை எழுந்தது. மருந்து ஏறுகிற கை அது, பட்டை கட்டின கை. மகளின் கையைப் பிடிக்கத்தான் தேடுகிறாள் என்று நர்ஸ் நினைத்து விலகி வழி விட்டார். அந்தக் கை மீனாவின் தொடையைத் தேடிப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி ஒரு கிள்ளு கிள்ளியது. வீங்கிய கண்ணுக்குள்ளிருந்து மகளை முறைத்துப் பார்த்தாள். அம்மா என்று சொல்லாதே என்கிற முறைப்பு.

அந்தக் கிள்ளு இறுகி, இறுகி, பிறகு தளர்ந்துவிட்டது. டாக்டர் நெடுநேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார். மூச்சு திரும்பவில்லை.

மீனா சித்திக்குப் போன் போட்டாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பால்பாண்டி பைக்கில் கொண்டுவந்து இறக்கியபோது பாண்டிலட்சுமி காட்டில் நின்ற கோலத்திலேயே இருந்தாள். அக்காவின் சட்டை, தலையில் துண்டு, கழுத்தெல்லாம் சோளத்தோகைத் தூசி. வார்டு வாசலில் ஞானசுந்தரி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். "போன வருசம் நானேதான் போட்டேன். ஒண்ணும் ஆகலையே. இவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பாண்டிலட்சுமி கட்டிலைப் பார்த்தாள். அழவில்லை. நர்ஸ் முன்னால் போய்ச் சட்டைக் கையை ஏற்றிவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். குறுக்கே ஒரே ஒரு நீளத் தையல் தழும்பு.

"இந்தா பாருங்கம்மா. நீங்க போன வருசம் ஊசி போட்டது இந்தக் கைக்காரிக்கு. நாந்தான் பாண்டிலட்சுமி. அங்கன கெடக்கது எங்கக்கா, முத்துமாரியம்மா. அவ பேர எழுதுங்க."

மீனா அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சித்தி, வேல போயிரும் சித்தி. அம்மா அதுக்காவத்தான் கடேசி வரைக்கும்..."

"போகட்டும்டி. எம்பேர வச்சு எங்கக்காவ எரிக்கச் சொல்லுதியா? அவ பொறந்து வளந்து பாடுபட்ட பேரு இல்லையாடி அது!" அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. அக்காவின் மணிக்கட்டைத் தூக்கி, தன் பேர் எழுதிய பட்டையைப் பிய்க்கப் பார்த்தாள். அது பிய்கிற சாமானா? பல்லால் கடித்து இழுத்தாள். ஞானசுந்தரிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்துவந்து வெட்டிவிட்டார்.

மறுநாளிலிருந்து கம்பெனி வேன் அந்த வாசலில் நிற்கவில்லை. போலீசு, விசாரணை எல்லாம் பின்னால் வந்தது. அது வேறு கதை, அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

வீட்டு முன்னால் முத்துமாரியம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். அன்றைக்குப் பெட்டி எங்கே என்று கேட்டுச் சிரித்த பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து மாரடித்தார்கள். சுகிர்தா ஸ்கூட்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். கையில் மாலை இருந்தது. ஒருத்தியும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாலையைப் போட்டுவிட்டு அவளும் கூட்டத்தோடு உட்கார்ந்துகொண்டாள். சித்தி, அக்காவின் சட்டையைக் கழற்றாமலே காலடியில் கிடந்தாள்.

மீனா அம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. "அழுதுரு தாயி, அழுதுரு" என்று பெண்கள் அவள் முதுகைத் தடவினார்கள். அவள் அம்மாவின் கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டாள். கன்றிப்போன இடம் இன்னும் விண்விண் என்று வலித்தது. மெதுவாக, யாருக்கோ பயந்த மாதிரி, "அம்மா" என்றாள். காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் சத்தமாக, "அம்மா" என்றாள். அப்புறம் தெருவே கேட்கிறாற்போல, "அம்மா, அம்மா, அம்மா" என்று கத்தினாள்.

அந்தக் கை அவளைக் கிள்ளவில்லை.